வழிமொழிபவர் உண்டோ

நாலு தமிழர் ஒரு மேசையில் இருந்தால் நாலு பேரும் ஒரே நேரத்தில்தான் பேசுவார்கள். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அது இன்னும் கொஞ்சம் சத்தமாக நடக்கும். அப்படி நடக்கும்போது அவர் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்குவார். தூக்கிய கையை இறக்க மாட்டார், வாயும் திறக்க மாட்டார். யாராவது கவனித்து, "என்னண்ணை, சொல்லுங்கோ" என்று கேட்கும் வரைக்கும் அப்படியே இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருமே கவனிக்கவில்லை. கதை முடிந்து எல்லாரும் எழும்பிப் போனார்கள். அவரும் கையை இறக்கி, ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டு மெத்ரோவுக்கு நடந்தார்.

எங்கள் ஊர்க்காரர் அவரைச் சபாநாயகர் என்றுதான் சொல்வார்கள். நக்கலுக்கு வைத்த பெயர். நக்கல் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும், அந்தப் பெயரைக் கேட்டதும் கழுத்துப் பொத்தான் பூட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்.

நான் அப்போது எங்கள் ஊர் ஒன்றியத்தின் பாரிஸ் கிளைக்குச் செயலாளர். வேலை நகரசபையில், பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதியில். கெதியாக எழுதுவாள், வாய் காட்ட மாட்டாள் என்று நினைத்து என்னைத் தெரிவுசெய்தார்கள். இரண்டாவது விஷயத்தில் நன்றாக ஏமாந்துபோனார்கள்.

அவர் கொழும்பில் பாராளுமன்றத்தில் தமிழ் எழுதுவினைஞராக இருந்தவர். சபை மண்டபத்துக்குள் தான் போனது கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கும் என்று அவரே சொல்லுவார். அவருடைய மேசை பின்பக்கம், பதிவறையில் இருந்தது. அங்கே வெள்ளைக்காரன் காலத்துச் சபையின் கையெழுத்துப் புத்தகங்கள் சில கிடந்தனவாம். சபை நடத்தும் விதிகள், அதாவது நிலையியற் கட்டளைகள், அச்சடித்துக் கைக்கு வருவதற்கு முந்தியவை. ஒருவர் பேசும்போது இன்னொருவர் எழும்பலாமா, எழுதிக்கொண்டு வந்ததைப் பார்த்து வாசிக்கலாமா, இரண்டு பேர் ஒன்றாக எழும்பினால் யாருக்கு முதல் இடம் என்று, பிரச்சினை வந்த அன்றன்றைக்கு எழுதுவினைஞர்கள் மையால் குறித்து வைத்தவை. இவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவற்றைத் தமிழாக்கிச் சி.ஆர். கொப்பிகளில், தடித்த அட்டை போட்ட பெரிய குறிப்பேடுகளில், எழுதத் தொடங்கினார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அனுமதி மட்டும் கேட்டாராம், அதுவும் கடிதம் எழுதி.

எதற்காக இந்த வேலை மினைக்கெட்டுச் செய்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"அச்சிலை வந்த புத்தகத்திலை சட்டம் மட்டுந்தான் பிள்ளை இருக்கும்" என்றார். "கையெழுத்திலை பாத்தால்தான் மிச்சம் தெரியும். முதல் ஒண்டு எழுதி, அதை அடிச்சு, மேலை வேறை எழுதி, கரையிலை இன்னார் ஒத்துக்கொள்ளேல்லை எண்டு குறிச்சிருக்கும். சட்டம் முதல் வரேல்லை. சண்டைதான் முதல் வந்தது. அடுத்தநாள் ஒருத்தன் குந்தியிருந்து எழுதினான்."

அடித்த வரிகளையும் அவர் விட்டுவிடவில்லை. அதையும் மொழிபெயர்த்து எழுதி, பிறகு அடிமட்டம் வைத்து அதன்மேல் கோடு இழுத்திருப்பார். கரைக்குறிப்புக் கரையிலேயே இருக்கும். அப்படி மூன்று கொப்பிகள். நீல மை மங்கி ஊதாவாகியிருந்தது. எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் அவருடைய வீடு எரிந்தபோது அவை அலுவலக மேசை லாச்சிக்குள் இருந்ததால் தப்பின. வீட்டுக்குள் இருந்த மனைவி தப்பவில்லை.

இதை அவர் எனக்கு ஒரேயொரு முறைதான் சொன்னார். இதே ஒழுங்கில்தான் சொன்னார். முதலில் கொப்பி, அடுத்தது மனைவி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதருக்கு நெஞ்சில் என்ன இருக்கிறது, கடுதாசியா என்று வீட்டுக்குப் போய் என் கணவரிடம் பொரிந்து தள்ளினேன்.  நான் முடித்ததும் கணவர், "அவர் அதை வேறை எப்பிடிச் சொல்லுறது?" என்று மட்டும் கேட்டார்.

பாரிசுக்கு வந்தபிறகு உணவகங்களில் கோப்பை கழுவினார். ஓய்வெடுக்கும் வயது வரைக்கும் அதுதான். அந்த அடுப்படிகளிலும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாரோ தெரியாது.

எங்கள் ஒன்றியத்துக்குத் தலைவர் வேறு ஆள். லா சப்பலில் மரக்கறிக்கடை வைத்திருப்பவர். தங்கமான மனிதர், ஆனால் கூட்டம் நடத்த வராது. கோயில் திருவிழாவில் எந்த வட்டாரத்துக்கு எந்த நாள் என்று ஒருவருடம் பேசப்போய், கூட்டம் முடியும்போது ஒருவருக்கு மூக்கு உடைந்திருந்தது. ஊரில் திருவிழா, மூக்கு உடைந்தது பாரிசில். அதற்குப் பிறகுதான் தலைவர் சபாநாயகரிடம் போனார்.

"அண்ணை, உங்கடை கட்டளைகளாலை உவங்களை ஒருக்கால் அடக்கித் தாங்கோ."

அவர் தலைமை நாற்காலியில் தானே இருந்து அடக்கித்தான் தந்தார். விளக்கேற்றல், இறந்தவர்களுக்கு அகவணக்கம், போன கூட்டத்தின் அறிக்கையை வாசித்தல், அதை ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிந்து ஏற்றல், பிறகுதான் எதுவும். தீர்மானம் வேண்டிப் பிரேரணை கொண்டுவருபவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். உடனே சபாநாயகர் "வழிமொழிபவர் உண்டோ?" என்று மூன்று தரம் கேட்பார். மூன்றாம் தரமும் யாரும் கை தூக்காவிட்டால் பிரேரணை விழுந்தது. அதைப்பற்றி அந்த வருடம் மறுபடி பேச முடியாது. தலைமை நாற்காலியில் இருப்பவர் எதையும் முன்மொழியவோ வழிமொழியவோ கூடாது. அறிக்கை எழுதும் செயலாளரும் கூடாது.

அந்தக் கடைசி விதிக்காக நான் அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன். கூட்டம் முழுக்கக் குனிந்து எழுதுகிறவள் நான், எனக்கு ஒரு கருத்து இருக்கக் கூடாதா?

"கருத்து இருக்கலாம். எழுதிற கை தூக்கப்படாது. தூக்கினால் பிள்ளை, நீ எழுதினதை நாளைக்கு ஆர் நம்புறது?"

"அப்ப பேனையை வைச்சிட்டுத் தூக்கினால்?"

"பேனையை வைச்சால், அந்த நேரம் நடந்ததை ஆர் எழுதிறது?"

இரண்டாவது கொப்பியைத் திறந்து, அங்கேயும் ஒரு எழுதுவினைஞர் வாக்குவாதத்துக்குள் வாயை வைத்து மாட்டிக்கொண்ட கதையை விரலால் காட்டினார். கரைக்குறிப்புத்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அதற்குப் பிறகு ஏழு வருடம் நான் ஒரு கூட்டத்திலும் கை தூக்கவில்லை. அந்த விஷயத்தில் அவர் என்னை நன்றாகப் பழக்கிவிட்டார்.

அவரோடு நான் சந்தோஷமாக இருந்த நாள் என்றால் ஒன்றுதான். பாரிசில் ஆவணக் காப்பகம் ஒன்றில், பிரெஞ்சுக்காரரின் முதல் சபைகள் தங்களுக்கு விதி எழுதிக்கொண்ட தாள்கள் இருக்கின்றன என்று எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறார். வாசகர் அட்டை எடுத்து, மூன்று வாரமாகப் போய்க்கொண்டிருந்தாராம். அவருக்குப் பிரெஞ்சு கடைக்குப் போய்வரத்தான் காணும். "ஒருக்கால் வந்து வாசிச்சுச் சொல்லுறியோ?" என்று கேட்டபோது, மூன்று வாரமாக அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

கொப்பியைக் காட்டினார். பென்சிலால் கோடுகள். எழுத்து ஒன்றும் இல்லை. எந்த வரியில் அடித்திருக்கிறது, எங்கே மேலே செருகியிருக்கிறது, எந்தக் கரையில் குறிப்பு இருக்கிறது என்று ஒவ்வொரு பக்கத்தையும் வெறும் கோடாகப் பார்த்து எழுதியிருந்தார். பள்ளிக்கூடத்து வரைபடக் கொப்பி மாதிரி இருந்தது.

லீவு போட்டுவிட்டுப் போனேன். பழைய கையெழுத்து, எனக்கே பாதிதான் பிடிபட்டது. ஒருவர் இரண்டாம் தரம் பேசுவதைப் பற்றிய வரி ஒன்று, முழுக்க அடித்திருந்தது. அதற்கு மேலே வேறு மையில் இன்னொன்று. அதையும் அடித்திருந்தது. நான் மெல்லிய குரலில் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இஞ்சையும் சண்டை பிடிச்சுத்தான் எழுதியிருக்கிறாங்கள் பிள்ளை. இஞ்சையும்" என்றார்.

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். வெளியே வந்து ஒரு கடையில் அவரே கோப்பி வாங்கித் தந்தார். தன் மூன்று கொப்பிகளும் ஒரு நாளைக்கு யாருக்காவது இப்படி, பெயர் எழுதிக் கேட்டு எடுத்து மேசையில் வைத்து வாசிக்கக் கிடைக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் சொன்னார். அவர் எனக்குத் தெரிய வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை.

எங்கள் சனம் அவரை நேசித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. வன்னியில் யுத்தம் முடியப்போகிற மாதங்களில் ஒரு ஞாயிறு, புறநகர் பொபினியிலிருந்து ஒரு பெண் எங்கள் கூட்டத்துக்கு வந்தாள். அவளுடைய அண்ணனும் அவருடைய பிள்ளைகளும் அங்கே அகப்பட்டுப் போயிருந்தார்கள். அறிக்கை வாசித்துக்கொண்டிருக்கும்போதே எழும்பி அழத் தொடங்கினாள். உடனே முன்வரிசையில் இரண்டு பேர் எழும்பி, யாரால் இந்த நிலை வந்தது என்று ஒருவரையொருவர் ஏசத் தொடங்கினார்கள். சபாநாயகர் மேசையில் தட்டினார்.

"இருங்கோ. எல்லாரும் இருங்கோ. தங்கச்சி, நீங்களும் இருங்கோ. அறிக்கை முடியட்டும், உங்களுக்கு நேரம் தாறன்."

அவள் இருந்தாள். அறிக்கை முடிந்தது. முன்மொழிந்து வழிமொழிந்தார்கள். பிறகு அவளைக் கூப்பிட்டு, அவள் பேசி முடிக்கும் வரைக்கும் ஒரு மூச்சுச் சத்தம் வரவிடாமல் பார்த்துக்கொண்டார். முன்வரிசை வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது. அந்த நாட்களில் பாரிசில் அவளை முழுதாகப் பேசவிட்ட இடம் அது ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் பிறகு ஒருநாள் கடைத்தெருவில் கண்டபோது அவள் என்னிடம் வேறு விதமாகச் சொன்னாள்.

"அக்கா, அந்தப் பத்து நிமிசம் நான் கதிரையிலை இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். அந்தாள் மனுசனே?"

 அவளுடைய அண்ணன் குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. நான்தான் அந்த அறிக்கையை வாசித்தவள். கெதியாக வாசித்திருக்கலாம், அல்லது நிறுத்தியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. சனம் அவரை மட்டும் பேசியது. அவருக்குக் கல் நெஞ்சு என்ற கதை எபினே புறநகர் வரைக்கும் போனது.

அவருக்கு எழுபத்தாறு வயதில் கால் இழுக்கத் தொடங்கியது. ஆறாம் மாடி அறை, லிப்ட் கிடையாது. சமூகசேவைப் பெண் ஒருத்தி நகரத்துக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் எடுத்துக் கொடுத்தாள். இன்னொருவரோடு பாதி அறை, ஒரு சின்ன அலுமாரி. அங்கே தமிழர் ஒருவரும் இல்லை. அவர் பயந்தது தனக்காக இல்லை. தான் கண்ணை மூடினால் அந்தக் கொப்பிகளைக் குப்பைக்கூடையில்தான் போடுவார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒன்றியத்துக்கு ஒரு இரும்பு அலுமாரி உண்டு, தலைவரின் கடைக்குப் பின்னால். தலைவர் விஷயத்தைக் கேட்ட உடனே, "தாங்கோ அண்ணை, இப்பவே வைச்சுப் பூட்டிவிடுறன்" என்றார். நான், "ஐயா, என்ரை வீட்டிலை வையுங்கோ" என்றேன். இரண்டு பேருக்கும் அவர் தலையாட்டவில்லை.

"உன்ரை வீட்டிலை இருந்தால் அது உன்ரை சாமான். தம்பி தன்ரை பாட்டிலை வைச்சால் அவருக்குப் பிறகு வாறவர் தூக்கி எறியலாம். சபை ஏத்துக்கொள்ளவேணும். ஏத்துக்கொண்டதெண்டு அறிக்கையிலை இருக்கவேணும். அப்பதான் ஒருத்தன் வந்து உரிமையோடை கேக்கலாம்."

அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. நகரசபையில் நானும் அதைத்தானே செய்கிறேன். பதிவில் இல்லாத பிள்ளை பிறக்கவில்லை.

அந்த வருடாந்தக் கூட்டம் பாரிசுக்கு வெளியே சென் தெனியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஆறு மணிக்குச் சாவியைக் கொடுக்க வேண்டும். ஐம்பது பேருக்குக் கிட்ட வந்திருந்தார்கள். அவருடைய பிரேரணையை நிகழ்ச்சி நிரலில் கடைசியில்தான் போட்டிருந்தார். தன் சொந்த விஷயம் முன்னுக்கு வரக்கூடாதாம். அதற்கு முதல் நடந்த மூன்று மணி நேரத்தில் நாலு பேரை "ஒழுங்குப் பிரச்சினை" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார். அதில் ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியே போய்ச் சிகரெட் பற்றவைத்தார். பின்னுக்குச் சிற்றுண்டி ரோல்ஸ் தட்டுகளைத் திறந்துவிட்டார்கள், வாசம் மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. பிள்ளைகள் பிரெஞ்சில் கத்திக்கொண்டு கதிரைகளுக்கு நடுவே ஓடினார்கள்.

ஐந்தரைக்கு அவருடைய விஷயம் வந்தது. பிரேரணை கொண்டுவருபவர் தலைமை நாற்காலியில் இருக்கக் கூடாது. ஆகவே எழும்பி, காலை இழுத்துக்கொண்டு கீழே போய் முன்வரிசையில் நின்றார். நாற்காலிக்குத் தலைவரை அழைத்தார். தலைவரும் சந்தோஷமாக ஏறி இருந்தார்.

அவர் பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது. கொப்பிகளைக் கையில் வைத்திருந்தார். அவை என்ன என்று சொன்னார். சபை அவற்றை ஏற்று, அலுமாரியில் வைத்து, எழுதிக் கேட்கும் எவருக்கும் வாசிக்கக் கொடுக்க வேண்டும் என்றார். அழுத்தமாகவோ உருக்கமாகவோ ஒன்றும் சொல்லவில்லை. மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பேர் கை தூக்கியிருப்பார்கள்.

தலைவர் உடனே சிரித்துக்கொண்டு கையைத் தூக்கினார். "நானே வழிமொழியிறன்."

"ஒழுங்குப் பிரச்சினை" என்றார் அவர், கீழே இருந்து. "தலைமையிலை இருக்கிறவர் வழிமொழிய ஏலாது."

"அண்ணை, உது உங்கடை விசயம்தானே!"

"ஆற்றை விசயமெண்டாலும் ஏலாது. சபையைக் கேளுங்கோ."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மண்டபத்தில் அவருக்காகக் கட்டாயம் கை தூக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவரை அவரே நாற்காலியில் ஏற்றிவிட்டார். மற்றவள் நான், பேனையோடு அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறேன். கூட்டத்துக்கு முதல் யாரிடமாவது ஒரு சொல் சொல்லிவைக்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. ஐம்பது பேரில் ஒருவர் தூக்க மாட்டாரா என்று இருந்துவிட்டோம். அவர் தானாக யாரையும் கேட்கவில்லை. ஆள் பிடித்துக் கை தூக்க வைப்பது அவருக்கு அருவருப்பு.

"வழிமொழிபவர் உண்டோ?" என்றார் தலைவர்.

யாரோ கதிரை மடக்கும் சத்தம் கேட்டது. ஒரு தாய் பிள்ளைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கும் அவர்மேல் அந்த நேரத்தில் பகை இருந்தது என்று நான் நினைக்கவில்லை. பாதிப் பேருக்கு என்ன கேட்கிறார்கள் என்றே தெரியாது. மிச்சப் பேர், யாராவது தூக்குவார்கள்தானே என்று இருந்தார்கள்.

"வழிமொழிபவர் உண்டோ?"

அவர் திரும்பிச் சபையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். முகத்தை இல்லை, என் கையை. நான் தூக்குவேன் என்று நம்பினாரா, தூக்கிவிடுவேனோ என்று பயந்தாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பேனையை மேசையில் வைத்தால் காணும். ஒரு சின்ன அசைவு போதும். விதியாவது மண்ணாங்கட்டியாவது என்று எழும்பியிருக்க வேண்டும். நான் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டாம் தரம் கேட்கப்பட்டது என்று எழுதினேன்.

தலைவர் மூன்றாம் தரமும் கேட்டார். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் முழித்தார். சபாநாயகர்தான் கீழே நின்றபடி எடுத்துக் கொடுத்தார்.

"வழிமொழிவார் இல்லாததாலை பிரேரணை விழுந்தது எண்டு சொல்லுங்கோ தம்பி. நீ எழுது பிள்ளை."

எழுதினேன். சனம் ரோல்ஸ் தட்டுப் பக்கம் போனது. அவர் மேடைக்கு வந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, நான் எழுதியதை முழுதாக வாசித்துப் பார்த்தார். "சரியாய் இருக்கு" என்றார். கொப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு போனார். தலைவர் பின்னால் ஓடிப்போய், சும்மா தாங்கோ அண்ணை, ஒருவருக்கும் தெரியத் தேவையில்லை என்று கெஞ்சியதைக் கண்டேன். அவர் தலைவரின் தோளில் தட்டிவிட்டு நடந்தார்.

அடுத்த வருடம் மறுபடி கொண்டுவரலாம். விதியில் அதற்கு இடம் இருந்தது. நான் செயலாளர் பதவியை விட்டுவிட்டுச் சும்மா உறுப்பினராகப் போய் வழிமொழிவது என்று முடிவெடுத்து, அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அது முறை" என்றார். குரலில் சந்தோஷம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். இல்லத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்து அலுமாரியில், உடுப்புக்குக் கீழே கொப்பிகள் இருந்தன. திருடிக்கொண்டு வந்திருக்கலாம். அதையும் செய்யவில்லை.

குளிர்காலம் முடிய முதல் அவர் போய்விட்டார். எனக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது. வேலைக்குப் போகாமல் ரயில் எடுத்துப் போனேன். ஒரு பிளாஸ்டிக் பையைத் தந்தார்கள். கண்ணாடி, ஒரு கம்பளிச் சட்டை, காலாவதியான வாசகர் அட்டை. கொப்பிகளைக் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு, வாசிக்க முடியாத எழுத்தில் ஏதோ இருந்தது, எல்லாம் அடித்து வெட்டியிருந்தது, கிறுக்கல் என்று நினைத்தோம் என்றாள். மன்னிப்புக் கேட்டாள். அவளை ஏச எனக்கு என்ன தகுதி?

செயலாளர் பதவியை விடுவதற்கு இனிக் காரணம் ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த வருடாந்தக் கூட்டத்தில் நான்தான் போன வருட அறிக்கையை வாசித்தேன். திருவிழா, கணக்காய்வாளர் தெரிவு, மண்டபப் பிரச்சினை. கடைசியாக, மூன்று கையெழுத்துக் கொப்பிகளைச் சபை ஏற்கக் கோரும் பிரேரணை, மூன்று தரம் கேட்டும் வழிமொழிவார் இல்லாததால் விழுந்தது என்று வாசித்தேன். மண்டபம் அமைதியாகத்தான் இருந்தது. அவர் பழக்கிவிட்ட அமைதி.

"அறிக்கையை ஏற்க முன்மொழிபவர்?" என்று தலைவர் கேட்டார்.

முன்வரிசையில் ஒரு கை எழும்பியது.

"வழிமொழிபவர் உண்டோ?"

இரண்டாம் தரம் கேட்கத் தேவைப்படவில்லை. ஏழெட்டுக் கைகள் ஒன்றாக எழும்பின. நான் முதலில் கண்ட கைக்கு உரியவரின் பெயரை எழுதிக்கொண்டேன்.